பெரியம்மாவின் ரிப்போர்ட்டில் ‘ஈ-கேட்ஹெரின் நெகட்டிவ்’: பசை போனால் புற்றுநோய் பரவிவிடுமா?

தங்கச்சி, நீங்கள் போட்டோ எடுத்து அனுப்பிய ரிப்போர்ட்டை நிதானமாக இரண்டு தரம் வாசித்தேன். களுதாவளையில் இருக்கும் உங்கள் பெரியம்மாவுக்கு மார்பில் கட்டி எடுத்து மூன்று கிழமை, வந்த தாளில் ‘இன்வேசிவ் லொபியூலர் கார்சினோமா, ஈ-கேட்ஹெரின் நெகட்டிவ்’ என்று இருக்கிறது, அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தால் ‘கலங்களை ஒட்டி வைத்திருக்கும் புரதம், அது இல்லாவிட்டால் புற்றுநோய் பரவும்’ என்று வருகிறது. இது போதாதென்று பக்கத்து வீட்டு மாமி வந்து, ‘கத்தி படாம விட்டிருந்தா அது பாட்டுக்குக் கிடந்திருக்கும், மறுகா ஏன் அதைக் கிளறின நீங்க?’ என்று கேட்டிருக்கிறா. பெரியம்மாவுக்கு ஏற்கெனவே பரவிவிட்டதா, பயோப்சி ஊசிதான் அந்தப் பசையைக் கிழித்துவிட்டதா, இது உங்களுக்கும் தங்கைமாருக்கும் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேரே சொல்கிறேன். ஊசி பட்டதால் அந்தப் புரதம் போகவில்லை. அந்தப் புரதம் இல்லை என்பதால் மட்டும் நோய் உடம்பெல்லாம் போய்விட்டது என்றும் அர்த்தமில்லை. அந்த வரி சொல்வது இது என்ன வகை என்பதைத்தான். எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைச் சொல்வது கட்டியின் பருமன், கமக்கட்டில் எடுத்த நிணநீர் முடிச்சுகளின் கணக்கு, ஸ்கேன், இவை மூன்றும். அதே தாளில் முடிச்சு எதிலும் நோய் இல்லை என்று எழுதியிருக்கிறதே, அதை வாசித்தீர்களா? பயத்தில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் மற்ற வரி கண்ணில் படாது, அது எல்லோருக்கும் நடக்கிறதுதான்.

நான் பல வருடம் வைத்தியசாலை ஆய்வுகூடமொன்றில் இழையம் வெட்டிச் சாயமிடும் வேலை செய்தேன். நீங்களும் உயர்தரத்தில் உயிரியல் படித்த பிள்ளை. அதனால் சுருக்கமாக ஆறுதல் சொல்லி முடிக்காமல், ஏன் அப்படி என்பதை உள்ளே போய் எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

நம்மூர் கொம்புமுறியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ தெரியாது, இப்போது அது அருகிப்போய்விட்டது. கண்ணகி அம்மன் கோயில்களை ஒட்டி நடந்த விளையாட்டு. வளைந்த இரண்டு கொம்புத்தடிகளை ஒன்றுக்குள் ஒன்று கொளுவி, ஒவ்வொன்றின் பின்னாலும் வடம் கட்டி, ஒரு பக்கம் வடசேரியார், மறுபக்கம் தென்சேரியார் நின்று இழுப்பார்கள். கொளுவி நிற்பது இரண்டு தடிதான், ஆனால் பின்னால் ஊரே நிற்கும். ஈ-கேட்ஹெரின் அச்சொட்டாக இப்படித்தான் வேலை செய்கிறது. ஒரு கலத்தின் மென்சவ்விலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இந்தப் புரதம், பக்கத்துக் கலத்திலிருந்து நீட்டிக்கொண்டு வரும் தன்னைப்போன்ற இன்னொன்றோடு நுனியில் கொளுவுகிறது. நுனியில் திரிப்டோபான் என்ற அமினோ அமிலம் ஒன்று துருத்திக்கொண்டு இருக்கும், இதனுடையது அதன் குழிக்குள்ளும் அதனுடையது இதன் குழிக்குள்ளும் போய் உட்காரும். கலத்துக்கு உள்ளே இருக்கும் வால்ப்பகுதியைப் பீட்டா கட்டெனினும் பி120 கட்டெனினும் பிடித்திருக்கின்றன. பீட்டாவை அல்பா கட்டெனின் பிடிக்கிறது, அல்பா போய்க் கலத்தின் அக்டின் இழைகளைப் பிடிக்கிறது. அந்த அக்டின்தான் வடம். ‘பசை’ என்ற சொல் எனக்கு அவ்வளவு பிடிப்பதில்லை, ஏனென்றால் பசை இழுத்தால் விட்டுவிடும், இதுவோ இழுவை ஏற ஏற இன்னும் இறுகும். அல்பா கட்டெனினும் அக்டினும் இழுபடும்போது பிடி கூடுகிறது என்பதை 2014ல் ஒற்றை மூலக்கூறு அளவில் அளந்தே காட்டிவிட்டார்கள். நாம் குனிந்து நிமிரும்போது, சாப்பாடு குடலை விரிக்கும்போது, பால் கொடுக்கும்போதெல்லாம் தோலையும் உறுப்புகளையும் போர்த்தியிருக்கும் நம் மேலணி இழையம் கிழியாமல் இருப்பது இதனால்தான்.

பெயரின் தொடக்கத்தில் இருக்கும் ‘கே’ கல்சியத்தைக் குறிப்பது. இதைக் கண்டுபிடித்த கதையும் சொல்ல வேண்டியது. 1970களில் ஜப்பானின் கியோட்டோவில் மசதோஷி தகெய்ச்சி என்ற விஞ்ஞானி, கலங்களைப் பிரித்துவிட்டு அவை திரும்ப எப்படி ஒட்டுகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அமெரிக்காவில் கார்னகி நிறுவனத்தின் ஆய்வுகூடமொன்றுக்குப் போய் அதே சோதனையைச் செய்தபோது கலங்கள் ஒட்டவே இல்லை. என்ன வித்தியாசம் என்று தேடிப்போனால், அங்கே கலங்களைப் பிரிக்கப் பாவித்த திரிப்சின் என்ற, புரதம் வெட்டும் நொதியக் கரைசலில் ஈடிடிஏ என்ற இரசாயனம் கலந்திருந்தது, கியோட்டோவில் அது இல்லை. ஈடிடிஏ கல்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும். கல்சியம் கூட இருக்கும்வரை திரிப்சினால் அந்த ஒட்டும் புரதத்தை வெட்ட முடிவதில்லை, கல்சியம் போனதும் புரதம் தொய்ந்து திரிப்சினுக்கு இரையாகிவிடுகிறது. 1977ல் இதை எழுதினார், 1984ல் அவருடைய குழுதான் கேட்ஹெரின் என்ற பெயரை வைத்தது. இதே புரதத்தை வேறு வழியால் தேடிக்கொண்டிருந்த ரோல்ஃப் கெம்லருக்கும் தகெய்ச்சிக்கும் 2020ல் கனடாவின் கெய்ர்ட்னர் விருதைப் பகிர்ந்து கொடுத்தார்கள். ஒரு போத்தல் கரைசல் மாறிப்போனதைச் சரி போகட்டும் என்று விடாமல் துருவிப் பார்த்ததால் வந்த விருது.

இந்த இடத்தில் ஒன்று. கல்சியம் குளிசை போட்டால் பசை திரும்பி வருமா என்று யாராவது கேட்பார்கள், என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். வராது. இரத்தத்தில் கல்சியத்தை உடம்பு ஒரு அளவில் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது, குறைவது கல்சியமல்ல, கொளுவுகிற கொம்பே இல்லை. பெரியம்மாவுக்கு டொக்டர் கல்சியம் எழுதிக்கொடுத்தால் அது எலும்புக்காக, அதை விடாமல் போடச் சொல்லுங்கள்.

சரி, ‘நெகட்டிவ்’ என்று எப்படிச் சொல்கிறார்கள்? இதைக் கிட்டவிருந்து சொல்ல எனக்கு ஆசை. ஒப்பரேஷனில் எடுத்த இழையத்தை ஃபோர்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து ஒரு சின்னக் கட்டியாக்கி, மைக்ரோட்டோமில் வைத்து ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் நாலு கூறு தடிப்பில் சீவுவோம். சீவல் நாடாபோலச் சுருண்டு வரும், தூரிகையால் மெல்ல எடுத்து இளஞ்சூட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டால் சுருக்கம் நீங்கி விரியும், அதைக் கண்ணாடித்தட்டால் கீழிருந்து ஏந்தி எடுக்க வேண்டும், மூச்சுப் பட்டால்கூட மடிந்துவிடும். அதன்மேல் ஈ-கேட்ஹெரினை மட்டும் தேடிப் பிடிக்கும் பிறபொருளெதிரியை ஊற்றி, அது பிடித்த இடத்தில் கபில நிறம் வரும்படி செய்வோம். நுணுக்குக்காட்டியில் பார்த்தால், ஆரோக்கியமான பாற்கானில் ஒவ்வொரு கலத்தையும் சுற்றிக் கபில நிறக் கோடு, கண்ணியும் கண்ணியுமாக மீன்வலை விரித்ததுபோல் இருக்கும். லொபியூலர் வகையில் அந்த வலை இருக்காது. வெளிறிய நீலத்தில் கலங்கள் தனித்தனியே, நார்களுக்கு இடையில் ஒன்றன்பின் ஒன்றாக எறும்பு ஊர்கிற மாதிரி ஒற்றை வரிசையில் நிற்கும். அதே கண்ணாடித்தட்டின் ஒரு மூலையில் நல்ல பாற்கான் ஒன்று கபில நிறமாகத் தெரியும், தெரியவேண்டும், அப்போதுதான் சாயம் சரியாகப் பிடித்திருக்கிறது, இங்கே இல்லாதது உண்மையிலேயே இல்லாதது என்று நோயியல் நிபுணர் கையெழுத்து வைக்கலாம். உங்கள் பெரியம்மாவின் தாளில் பி120 ‘சைட்டோபிளாஸ்மிக்’ என்றும் ஒரு சொல் இருக்கிறது. முன்பு சொன்ன கொம்பின் வாலைப் பிடித்திருந்த பி120தான் அது. கொம்பு இல்லாததால் அது கலத்துக்குள் சும்மா திரிகிறது. இரண்டும் சேர்ந்து ஒரே விஷயத்தைத்தான் உறுதிசெய்கின்றன, புதிதாக இன்னொரு கெட்ட செய்தி அல்ல.

மார்புப் புற்றுநோயில் 10 முதல் 15 வீதம் இந்த லொபியூலர் வகை. இதில் பெரும்பாலானவற்றில் ஈ-கேட்ஹெரின் இருக்காது, அந்தப் புரதத்துக்குரிய சிடிஎச்1 என்ற பரம்பரையலகு, 16ஆவது நிறமூர்த்தத்தில் இருப்பது, கட்டியின் கலங்களில் விகாரப்பட்டிருக்கும். ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதற்கு இதுதான் காரணம். ஊசி இழையத்தைத் துளைக்கும், டிஎன்ஏயின் எழுத்தை மாற்றாது. பெரியம்மாவின் கலத்தில் அந்த எழுத்து மாறியது கட்டி கைக்குத் தட்டுப்படுவதற்கு வெகு காலத்துக்கு முன்.

இன்னும் பலமான ஒரு சான்று இருக்கிறது. லொபியூலர் கார்சினோமா இன் சிட்டு என்று ஒரு நிலை உண்டு. பால் சுரக்கும் சிறுசோணைக்குள்ளேயே அடைபட்டு, அடித்தள மென்சவ்வைத் தாண்டாமல், எங்கேயும் போகாமல் இருக்கும் நிலை. சில பெண்களில் அது வருடக்கணக்காக அப்படியே கிடக்கும். அந்தக் கலங்களுக்குச் சாயம் போட்டுப் பாருங்கள், அவையும் ஈ-கேட்ஹெரின் நெகட்டிவ்தான்! கொம்பு முறிந்துவிட்டது, ஆனால் ஆள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அப்படியென்றால் கொம்பு முறிவது மட்டும் பரவல் அல்ல என்று தெரிகிறதல்லவா. இதை விளங்கிக்கொண்டால் உங்கள் பயத்தில் பாதி குறையும் என்று நினைக்கிறேன்.

பிறகு எப்படித்தான் பரவுகிறது? இந்த இடத்தில்தான் இணையத்தில் வரும் ஒற்றை வரி விளக்கங்கள் ஆளைக் குழப்புகின்றன. விட்டுப்போவது பயணத்தின் முதல் அடி மட்டும். மிச்சம் முழுக்கப் பிடிப்பதில்தான் இருக்கிறது. எந்த நேரம் விடுவது, எந்த நேரம் எதைப் பிடிப்பது, இதைச் சரியாகச் செய்யும் கலம்தான் வேறு உறுப்பில் போய்க் குடியேறும்.

முதலில் தரை. மேலணிக் கலங்கள் பக்கத்துக் கலத்தை மட்டுமல்ல, கீழே இருக்கும் அடித்தள மென்சவ்வையும் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அதற்குரிய கை இன்டெக்ரின். மனிதரில் 18 அல்பா, 8 பீட்டா அலகுகள் சோடி சேர்ந்து 24 வகை இன்டெக்ரின்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் பிடிக்கிற பொருள் வேறு, ஒன்று கொலாஜனை, ஒன்று லமினினை, ஒன்று ஃபைப்ரோனெக்டினை. இவற்றை வெளிக்கொண்டுவந்த ரிச்சர்ட் ஹைன்ஸ், எர்க்கி ருஒஸ்லாட்டி, டிமொத்தி ஸ்பிரிங்கர் மூவருக்கும் 2022ல் லஸ்கர் விருது கிடைத்தது. இன்டெக்ரின் சும்மா பிடிப்பது மட்டுமல்ல, ‘நான் தரையில் நிற்கிறேன்’ என்ற செய்தியைக் கலத்துக்குள் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அந்தச் செய்தி நின்றுபோனால் கலம் தானாகவே செத்துவிடும். 1994ல் இந்தச் சாவுக்கு அனோய்கிஸ் என்று கிரேக்கத்திலிருந்து பெயர் எடுத்து வைத்தார்கள், வீடற்றுப்போதல் என்ற பொருளில். நமக்கு இந்தச் சொல்லை யாரும் விளக்கவேண்டியதில்லை, 2004 மார்கழியில் கடல் வந்துபோன பிறகு இந்தக் கரையோரம் முழுக்க அதைக் கண்ணால் கண்டது. உடம்பில் ஒவ்வொரு நாளும் இடம்பெயர்ந்த கலங்கள் கோடிக்கணக்கில் இப்படிச் செத்துக்கொண்டிருப்பதால்தான் நாம் பிழைத்திருக்கிறோம். பரவ நினைக்கும் புற்றுக் கலம் முதலில் இந்தச் சாவை ஏமாற்றியாக வேண்டும். லொபியூலர் கலத்துக்குள் திரியும் பி120 இதற்கு ஒத்தாசை செய்கிறது என்று கண்டிருக்கிறார்கள், அதனால் ‘சும்மா திரிகிறது’ என்று மேலே எழுதியதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள்.

எல்லாப் புற்றுநோயும் லொபியூலர் மாதிரிக் கொம்பை நிரந்தரமாக முறித்துக்கொள்வதில்லை. பல வகைகள் பரம்பரையலகை அப்படியே வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது வாயைக் கட்டிவிடுகின்றன. ஸ்னெயில், டுவிஸ்ட், ஸெப் என்று சில புரதங்கள் உண்டு, அவை போய் ஈ-கேட்ஹெரின் உற்பத்தியை நிறுத்தும். இவை புற்றுநோய் கண்டுபிடித்தவை அல்ல. தாயின் வயிற்றில் குழந்தை உருவாகும்போது, நரம்புக் குழாயின் விளிம்பிலிருந்து கலங்கள் கழன்று ஊர்ந்துபோய் முக எலும்பாகவும் தோலின் நிறக் கலங்களாகவும் ஆகின்றனவே, அந்தப் பயணத்துக்கு இவைதான் கதவைத் திறந்துவிடுகின்றன. காயம் ஆறும்போதும் தோல் கலங்கள் ஓரளவு இதையே செய்கின்றன. புற்றுநோய் இந்தப் பழைய சாவியைத் திருடி எடுக்கிறது, வேலை முடிந்ததும் திரும்பப் பூட்டியும் விடுகிறது. மார்பிலிருந்து ஈரலுக்கோ நுரையீரலுக்கோ போய் வளர்ந்த கட்டியை வெட்டிப் பார்த்தால் பல தடவை அங்கே ஈ-கேட்ஹெரின் நன்றாகவே இருக்கும். போன இடத்தில் கூட்டமாக வளரத் திரும்பவும் கொம்பு தேவைப்படுகிறது.

அடுத்தது இரத்தம். இரத்தக் குழாய்க்குள் நுழைந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்போம். ஆனால் 1970ல் ஐசையா ஃபிட்லர் என்ற விஞ்ஞானி மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் கலங்களுக்குக் கதிரியக்க அடையாளமிட்டு எலியின் இரத்தத்தில் செலுத்தி எண்ணிப் பார்த்தார். 24 மணித்தியாலத்தில் உயிரோடு எஞ்சியது 0.1 வீதத்துக்கும் குறைவு, கட்டியாக வளர்ந்தது 0.01 வீதத்துக்கும் குறைவு. பத்தாயிரத்தில் ஒன்றுகூட இல்லை. இரத்த ஓட்டத்தின் வேகம், நோயெதிர்ப்புக் கலங்கள், தரை இல்லாததால் வரும் சாவு, எல்லாம் சேர்ந்து அவ்வளவையும் கொன்றுவிடுகின்றன.

தப்பிப்பவை எவை? 2014ல் பொஸ்டனில் ஒரு குழு மார்புப் புற்றுநோயாளரின் இரத்தத்தில் தனிக் கலங்களோடு சின்னச் சின்னக் கொத்துகளும் போவதைப் பிடித்தது. எண்ணிக்கையில் கொத்துகள் மிகக் குறைவு, ஆனால் எலிகளில் பார்த்தபோது தனிக் கலத்தைவிட 23 முதல் 50 மடங்கு அதிகமாகக் கட்டியை உண்டாக்கின. அந்தக் கொத்தைக் கட்டி வைத்திருந்தது பிளாக்கோகுளோபின் என்ற இன்னொரு ஒட்டுப் புரதம், அதைக் குறைத்தால் கொத்து உதிர்ந்தது, நுரையீரலில் கட்டியும் குறைந்தது. யோசித்துப் பாருங்கள், இங்கே ஒட்டுதல்தான் எதிரி! 2019ல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் குழு ஒன்று இன்னும் ஒரு படி மேலே போனது. பாற்கானிலிருந்து வரும் வகைப் புற்றுக் கலங்களில் ஈ-கேட்ஹெரினை எடுத்துவிட்டார்கள். கலங்கள் முன்னைவிட அதிகமாக ஊடுருவின, எல்லோரும் எதிர்பார்த்தது அது. ஆனால் வேறு உறுப்பில் போய்க் கட்டியாவது மிகவும் குறைந்துபோனது, ஏனென்றால் கொம்பை இழந்த கலங்கள் வழியிலேயே ஒக்சிசன் நஞ்சுகளால் செத்தன. அந்த வகைக்கு ஈ-கேட்ஹெரின் உயிர்காக்கும் கவசமாக இருந்திருக்கிறது. நாங்கள் படித்த காலத்தில் ‘ஈ-கேட்ஹெரின் போனால் பரவும், இருந்தால் பரவாது’ என்று கொப்பியில் எழுதித் தந்தார்கள், அந்த ஒரு வரியை இனி அப்படியே யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

இரத்தத்தில் போகும் கலத்துக்குக் கரை ஏறுவதும் லேசல்ல. குருதிக் குழாயின் உட்சுவரில் செலக்டின் என்ற ஒட்டுப் புரதங்கள் இருக்கின்றன, காயம்பட்ட இடத்தில் வெண்குருதிக் கலத்தைப் பிடித்து உருட்டி நிறுத்துவதற்காக. புற்றுக் கலம் தன் மேற்பரப்பில் சர்க்கரைக் கிளைகளை மாற்றி அமைத்து வெண்குருதிக் கலம் மாதிரி வேஷம் போட்டு அந்தக் கையையே பிடிக்கிறது. சதையியில் புற்றுநோய் வந்தவர்களுக்கு சிஏ 19-9 என்று ஒரு இரத்தப் பரிசோதனை செய்வார்களே, அந்தச் சோதனை அளப்பது செலக்டின் பிடிக்கும் இந்தச் சர்க்கரைக் கிளைகளில் ஒன்றைத்தான். குருதிச் சிறுதட்டுகளும் செலக்டின் மூலமாக வந்து மேலே போர்வையாக ஒட்டிக்கொண்டு, நோயெதிர்ப்புக் கலங்களின் கண்ணிலிருந்து அதை மறைக்கின்றன.

கரை ஏறினாலும் மண் சரியாக இருக்க வேண்டும். 1889ல் ஸ்டீபன் பேஜெட் என்ற ஆங்கிலேய சத்திரசிகிச்சை நிபுணர், மார்புப் புற்றுநோயில் இறந்த 735 பெண்களின் பதிவுகளைப் புரட்டிப் பார்த்து, நோய் கண்ட இடமெல்லாம் போவதில்லை, ஈரலுக்குப் போகிறது, மண்ணீரலுக்கு அரிதாகப் போகிறது, இரத்தமோ இரண்டுக்கும்தான் போகிறது, எனவே இது விதையும் நிலமும் சம்பந்தப்பட்ட விஷயம் என்று எழுதினார். அம்பாறைப் பக்கம் வயல் செய்கிறவர்களுக்கு இது புதினமல்ல, ஒரே விதைநெல்லை உவர் ஏறிய கண்டத்திலும் நல்ல கண்டத்திலும் எறிந்து பார்த்தவர்கள் அவர்கள். பேஜெட்டுக்குத் தெரியாத காரணத்தின் ஒரு பகுதி இன்டெக்ரினில் இருக்கிறது. 2015ல் வந்த ஒரு ஆய்வின்படி கட்டியிலிருந்து கழன்று வரும் நுண்பொதிகள், தாம் சுமந்து வரும் இன்டெக்ரின் எது என்பதைப் பொறுத்து, அல்பா6 பீட்டா4 என்றால் நுரையீரலுக்கும், அல்பாவி பீட்டா5 என்றால் ஈரலுக்கும் முன்கூட்டியே போய் அங்கே நிலத்தைப் பண்படுத்துகின்றன.

லொபியூலர் வகை போகும் இடங்களும் கொஞ்சம் வித்தியாசம். எலும்புக்குப் போவது மற்ற வகைகளைப் போலத்தான். அதோடு வயிற்றின் உள்ளுறை, சூலகம், இரைப்பை என்று மற்ற வகைகள் அதிகம் போகாத இடங்களிலும் எட்டிப் பார்க்கும். தனித்தனிக் கலமாக நார்களுக்குள் புகுவதால் இது பெரும்பாலும் உருண்டைக் கட்டியாகத் திரளாது, ஒரு தடிப்பாக மட்டும் தட்டுப்படும், மமோகிராமிலும் தவறிவிடக்கூடும். அதனால் மற்ற மார்பையும் நன்றாகப் பார்க்கச் சொல்லி, எம்ஆர்ஐ தேவைப்படுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். வருடங்கள் கழித்துக்கூடத் திரும்பி வரலாம் என்பதால் ஐந்து வருடம் முடிந்தது என்று கிளினிக்கை விட்டுவிடக் கூடாது. வயிறு ஊதுவது, கொஞ்சம் சாப்பிட்டதும் நிரம்பிவிடுவது, எலும்பு நோவு மாறாமல் இருப்பது, இவற்றை ‘கேஸ்’ என்று வீட்டில் வைத்துக் கசாயம் காய்ச்சிக் கொடுக்காமல் டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

இப்போது நல்ல பக்கம். லொபியூலரில் மிகப் பெரும்பாலானவை ஈஸ்ட்ரஜன் ஏற்பி பொசிட்டிவ், அதாவது ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோனைப் பிடித்து வளர்பவை, பெரியம்மாவினதும் அப்படித்தான் என்று தாளில் இருக்கிறது. அதற்கு லெட்ரொஸோல் அல்லது டமொக்சிஃபென் என்று தினமும் ஒரு குளிசை, ஐந்து முதல் பத்து வருடம். பெரியம்மாவுக்கு மாதவிடாய் நின்று பல வருடம் என்றால் பெரும்பாலும் லெட்ரொஸோல் எழுதுவார்கள். பார்வைக்குச் சின்னக் குளிசை, கீமோ மாதிரி ஆளை விழுத்தாது, அதனாலேயே சனம் அதை லேசாக எடுத்து ஆறு மாதத்தில் நிறுத்திவிடுகிறது. எத்தனையோ வீடுகளில் இதைப் பார்த்துவிட்டேன். பெரியம்மாவுக்கு இருக்கும் மருந்துகளில் மிகப் பலமானது அதுதான், பஸ் ஏறி மட்டக்களப்புக்கு வர முடியாத நாளிலும் குளிசை முடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுப் புரதத்தைக் குறிவைத்தே மருந்து இல்லையா என்று கேட்பீர்கள். முயன்றார்கள். சிலெஞ்சிட்டைட் என்ற இன்டெக்ரின் தடுப்பு மருந்து மூளைப் புற்றுநோயில் பெரிய சோதனைவரை போய், நோயாளரின் ஆயுளைக் கூட்டவில்லை என்று கைவிடப்பட்டது. அடித்தள மென்சவ்வை அரிக்கும் நொதியங்களைத் தடுக்க மரிமாஸ்டாட் என்று ஒன்று வந்தது, அதுவும் சரிவரவில்லை. கண்டுபிடிக்கப்படும் நேரத்தில் பல கலங்கள் ஏற்கெனவே பயணம் போய்விட்டிருக்கும், அதோடு நல்ல கலங்களுக்கும் அதே கைகள்தான். எனவே இணையத்தில் ‘பசையை மீட்கும் மூலிகை’ என்று யாராவது விற்றால் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

உங்களுக்கு வருமா என்ற கேள்வி. 1998ல் நியூசிலாந்தில் ஒரு மாவோரிக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக 20க்கும் மேற்பட்டவர்கள், சிலர் மிக இளவயதில், இரைப்பைப் புற்றுநோயில் இறந்ததற்குக் காரணம் பிறப்பிலேயே வந்த சிடிஎச்1 விகாரம் என்று பாரி கில்ஃபோர்ட் குழு கண்டது. அந்த விகாரம் உள்ள பெண்களுக்கு லொபியூலர் மார்புப் புற்றுநோயும் வரும் சாத்தியம் கூட. அதனால்தான் சிடிஎச்1 என்று தேடினால் பயங்கரமான செய்திகள் வருகின்றன. ஆனால் லொபியூலர் வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு அந்த விகாரம் கட்டியின் கலத்தில் மட்டும், வாழ்நாளில் தற்செயலாக வந்தது, பிள்ளைகளுக்குக் கடத்தப்படுவதல்ல. உங்கள் குடும்பத்தில் இளவயதில் இரைப்பைப் புற்றுநோய் வந்தவர்கள், அல்லது பல பேருக்கு லொபியூலர் மார்புப் புற்றுநோய் வந்த கதை இருந்தால் மட்டும் டொக்டரிடம் அதைச் சொல்லுங்கள். அம்மம்மா வழியில் யார் யார் எந்த வயதில் எதனால் போனார்கள் என்று பெரியம்மாவிடமே கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள், ஊரில் அதெல்லாம் ‘வயிற்று நோவு’ என்று மட்டும்தான் ஞாபகத்தில் இருக்கும்.

மாமியின் கதைக்கும் ஒரு பதில் வேண்டும், ஏனென்றால் அந்தப் பேச்சுத்தான் நம்மூரில் ஆளைக் கொல்கிறது. இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப்புற்றுநோய், வெற்றிலை, பாக்கு, புகையிலையால். பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகவரகம் 2004ல் முடிவுசெய்துவிட்டது. கன்னத்தில் வெள்ளைப் படலம் வந்தவரையும், வாய் முழுக்கத் திறக்க முடியாமல் போனவரையும் ‘கத்தி பட்டால் பரவும்’ என்று சொல்லிச் சொல்லியே பயோப்சிக்கு விடாமல் தடுப்பார்கள். அந்த மாதங்களில்தான் புண்ணின் விளிம்பில் இருக்கும் கலங்கள் ஈ-கேட்ஹெரினைக் குறைத்துக்கொண்டு உள்ளே இறங்குகின்றன, கழுத்தில் முடிச்சு வந்த பிறகு ஆளைக் கூட்டிக்கொண்டு ஓடிவருகிறார்கள், ஒப்பரேஷன் செய்ததும் நிலைமை மோசம் என்று தெரிகிறது, பழி கத்தியின்மேல் விழுகிறது. ஊசிபோன பாதையில் கலம் சிந்தி வளர்வது மிக அரிது, சிந்தும் கலங்களும் பெரும்பாலும் செத்துப்போகும். மாமியோடு சண்டை பிடிக்கவேண்டாம். ‘ஊசியால இல்ல மாமி, ஊசி போட்டபடியாத்தான் முடிச்சுக்குப் போக முந்திப் பிடிச்சாங்க’ என்று மட்டும் சொல்லுங்கள், அவ தலையாட்டுவா.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது இந்த ரிப்போர்ட்டின் மூலத்தாளைக் கொண்டுபோங்கள், போனில் இருக்கும் போட்டோ போதாது. மேல் மூலையில் எழுத்தும் இலக்கமுமாக ஒன்று இருக்கிறது, அது பெரியம்மாவின் மெழுகுக் கட்டியின் இலக்கம். கட்டியை ஆய்வுகூடம் பல வருடம் பத்திரமாக வைத்திருக்கும், நாளைக்கு இன்னொரு சோதனை வேண்டும் என்றாலோ, மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் வேறு நிபுணர் பார்க்க வேண்டும் என்றாலோ அந்த இலக்கத்தைக் கொடுத்து அதிலிருந்தே புதிதாகச் சீவி எடுக்கலாம், பெரியம்மாவை மறுபடி வெட்டத் தேவையில்லை. இலக்கத்தை இரண்டு இடத்தில் எழுதி வையுங்கள், ஒன்று கிளினிக் கொப்பியின் உள்ளட்டையில்.